பல் வைப்பவர் நாளையும் ஊரில் இருப்பாரா?

முழங்கால் மூட்டை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னால் ஒரு குடும்பம் என்ன செய்கிறது? ஏற்கெனவே அந்த அறுவை சிகிச்சை செய்துகொண்ட சொந்தக்காரரைத் தேடிப் பிடிக்கிறது. எக்ஸ்ரேயை இன்னொரு டாக்டரிடம் காட்டுகிறது. எந்த மருத்துவமனை, யார் கைராசிக்காரர் என்று மாதக்கணக்கில் பேசுகிறது. அதே குடும்பம் பல் இம்பிளான்ட் என்று வரும்போது, பேருந்து நிலையத்துக்கு எதிரே தொங்கும் பலகையைப் பார்த்து ஒரே மாலையில் முடிவெடுத்துவிடுகிறது. ‘மூன்றே நாளில் நிலையான பல்’, ‘வலியே இல்லாமல் இம்பிளான்ட்’, ‘வாழ்நாள் உத்தரவாதம்’, ‘மாதத் தவணை வசதி உண்டு.’ மூட்டுக்கு நடப்பதும் பல்லுக்கு நடப்பதும் அடிப்படையில் ஒன்றுதான். உயிருள்ள எலும்பில் ஓர் உலோகத்தைப் பொருத்துகிறார்கள். அது அங்கேயே பல ஆண்டுகள் இருந்து வேலை செய்ய வேண்டும்.

இம்பிளான்ட் பற்றி நம் ஊர்களில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் விலையைச் சுற்றியே இருக்கிறது. எந்த கம்பெனி, எவ்வளவு, குறைத்துக் கொடுப்பார்களா என்பதோடு முடிந்துவிடுகிறது. நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு. இதை என் தாடையில் பொருத்தும் டாக்டர், ஐந்து வருடம் கழித்து ஸ்க்ரூ தளர்ந்து போய் நான் வாசலில் நிற்கும்போது இதே ஊரில் இருப்பாரா? இருந்து, பார்ப்பாரா? பல் இழந்தவர் இம்பிளான்ட்டுக்கு டாக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது, அருகில் இருப்பதையும் தொடர்ந்து இருப்பதையும் ஒரு மருத்துவத் தகுதியாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பட்டமும் கருவிகளும் எவ்வளவு முக்கியமோ அதே அளவுக்கு இதுவும் முக்கியம்.

இதற்குக் காரணம் அந்தச் சிகிச்சையின் இயல்பிலேயே இருக்கிறது. இம்பிளான்ட்டில் மூன்று பகுதிகள் உண்டு. எலும்புக்குள் போவது டைட்டானியத்தால் ஆன சிறிய ஸ்க்ரூ. பெரும்பாலும் 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமனும் 8 முதல் 13 மில்லிமீட்டர் நீளமும் இருக்கும். அதன்மேல் ஈறுக்கு வெளியே தலைகாட்டும் இணைப்புத் துண்டு, அபட்மென்ட். அதற்கும் மேலே பல்லின் வடிவத்தில் உட்காரும் கேப். கண்ணாடியில் நமக்குத் தெரிவது கேப் மட்டும்தான். அதன் நிறம் பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்தியோடு வீட்டுக்குப் போகிறோம். உண்மையான வேலை ஸ்க்ரூவும் எலும்பும் சேரும் இடத்தில் நடக்கிறது. அதை நாம் பார்க்க முடியாது.

அந்தச் சேர்க்கையைக் கண்டுபிடித்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் ப்ரோனேமார்க். எலும்புக்குள் ரத்த ஓட்டம் எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்காக, 1952-ல் ஒரு முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் ஆன சிறு கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து எடுக்கப் போனபோது அது வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 1965-ல் பிறவியிலேயே தாடைக் குறைபாடு உள்ள யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நான்கு இம்பிளான்ட்களை வைத்தார். 2006-ல் லார்சன் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அவை வேலை செய்தன.

இந்தக் கதையில் பலரும் விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு. முதல் நோயாளிக்கு வெற்றி கிடைத்த கையோடு உலகம் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. பல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். ப்ரோனேமார்க்கின் குழு தன் நோயாளிகளைப் பதினைந்து ஆண்டுகள் விடாமல் தொடர்ந்து பார்த்து, ஒவ்வொரு இம்பிளான்ட்டும் என்ன ஆனது என்று எழுதிவைத்தது. அந்த விவரங்கள் 1982-ல் டொரன்டோவில் நடந்த மாநாட்டின் முன் வைக்கப்பட்ட பிறகே இந்தச் சிகிச்சை உலகெங்கும் பரவியது. இம்பிளான்ட் துறை சம்பாதித்த நம்பிக்கை முழுவதும், வைத்துவிட்டுப் போகாமல் திரும்பத் திரும்பப் பார்த்ததால் கிடைத்தது. இன்று அதே துறையின் பெயரைச் சொல்லி, மூன்று நாளில் முடித்து அனுப்புவதைப் பெருமையாக விளம்பரம் செய்கிறோம்.

மூன்று நாளில் பல் கட்டவே முடியாதா என்றால், சிலருக்கு முடியும். எலும்பு உறுதியாக இருந்து, ஸ்க்ரூ வைத்த அன்றே நல்ல பிடிப்பு கிடைத்தால், தற்காலிகப் பல்லை உடனே பொருத்துவது ஏற்கப்பட்ட முறைதான். யாருக்கு முடியும் என்பதை ஸ்கேனும் அறுவை நேரத்தில் கிடைக்கும் பிடிப்பும் தீர்மானிக்க வேண்டும். பலகை தீர்மானிக்கக் கூடாது. வழக்கமாகக் கீழ்த்தாடைக்கு இரண்டு மூன்று மாதங்களும், எலும்பு மென்மையாக இருக்கும் மேல்தாடைக்கு அதைவிடச் சற்று அதிகமும் காத்திருக்கச் சொல்கிறார்கள். எலும்பு தன் வேகத்தில்தான் வளரும்.

சலைன் பாட்டிலும் எட்டு உயிர்களும்

எலும்பைத் துளைக்கும்போது உராய்வால் சூடு ஏறும். 47 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்புத் திசு பாதிக்கப்படும் என்று 1980-களிலேயே ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். சூட்டில் செத்த எலும்பு ஸ்க்ரூவைப் பிடிக்காது. அதனால் துளையிடும்போது கிருமியற்ற சலைனை விடாமல் ஊற்றிக் குளிர்விக்கிறார்கள். அதாவது, இம்பிளான்ட் அறுவையில் சலைன் நேராக நம் திறந்த எலும்புக்குள் போகிறது.

வாணியம்பாடியில் நடந்ததை இங்கே நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2023-ல் அங்கே ஒரு தனியார் பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களில் எட்டுப் பேர், மூளையைத் தாக்கிய மெலியாய்டோசிஸ் என்ற தொற்றால் இறந்தார்கள். மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வருவது அது. பின்னர் மருத்துவ ஆய்வாளர்கள் நடத்திய விசாரணை 2025-ல் வெளியானபோது நமக்குத் தெரிய வந்த காரணம் நெஞ்சை உலுக்குவது. கிருமிநீக்கம் செய்யாத அறுவைக் கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, அதையே அடுத்தடுத்தவர்களுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். சில ரூபாய் விலையுள்ள ஒரு பாட்டில். அங்கே போனவர்கள் சாதாரணப் பல் பிரச்சினைகளுக்காகப் போனவர்கள். இந்தச் செய்தி இரண்டு நாள் பேசப்பட்டு அடங்கிவிட்டது. தமிழ்நாட்டில் பல் நாற்காலியில் உட்காரும் ஒவ்வொருவரும் அதை மறக்காமல் வைத்திருக்க வேண்டும்.

எனவே கேளுங்கள். ‘டாக்டர், எனக்குப் புது சலைன் பாட்டில் திறப்பீர்களா?’ என்று கேட்பது அவமரியாதை ஆகாது. கருவிகள் மூடி ஒட்டிய உறையில் வருகின்றனவா, உறையை நம் கண்முன் பிரிக்கிறார்களா, நீராவியால் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவில் வெந்ததற்கு அடையாளமாக உறையின் குறி நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்கலாம். இம்பிளான்ட் ஸ்க்ரூ கம்பெனியின் மூடிய குப்பியில்தான் வர வேண்டும். இதையெல்லாம் கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் சிகிச்சை செய்துகொள்ளாதீர்கள். எனக்குத் தெரிந்த நல்ல பல் டாக்டர்கள், நோயாளி இப்படிக் கேட்டால் கிருமிநீக்க அறையையே திறந்து காட்டுவார்கள். கேட்க ஆள் இல்லையே என்பதுதான் அவர்கள் வருத்தம்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர்

இம்பிளான்ட் வைப்பது யார் என்ற கேள்விக்குப் பல ஊர்களில் நேரடியான பதில் கிடைப்பதில்லை. இந்தியாவில் இம்பிளான்ட் துறைக்கென்று தனி எம்.டி.எஸ். பட்டம் கிடையாது. செயற்கைப் பல் பொருத்தும் பிராஸ்தோடான்டிக்ஸ், ஈறு மருத்துவமான பீரியோடான்டிக்ஸ், வாய் மற்றும் தாடை அறுவை சிகிச்சை ஆகிய மூன்று மேற்படிப்புகளில் அது அடக்கம். ஐந்தாண்டு பி.டி.எஸ். முடித்தவரும், தகுந்த பயிற்சி பெற்று, இம்பிளான்ட் வைக்கலாம். சட்டம் தடுக்கவில்லை, நன்றாகச் செய்யும் பி.டி.எஸ். டாக்டர்களும் நிறைய உண்டு. பெயர்ப்பலகையில் ‘இம்பிளான்டாலஜிஸ்ட்’ என்று இருந்தால், அது ஒரு வார இறுதிப் பயிற்சியா, பல ஆண்டு அனுபவமா என்று பலகையே சொல்லாது. அவரிடமே கேட்க வேண்டும். பதிவு எண்ணைத் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலின் பதிவேட்டோடு ஒப்பிடலாம். கிளினிக்கே 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழை நோயாளிகள் பார்க்கும்படி மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

சிறு நகரங்களில் ஒரு வழக்கம் பரவலாக இருக்கிறது. கிளினிக் உள்ளூர் டாக்டருடையது. இம்பிளான்ட் வைப்பவர் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ ஞாயிற்றுக்கிழமை காரில் வரும் விசிட்டிங் டாக்டர். ஒரே நாளில் நாலைந்து பேருக்கு வைத்துவிட்டு மாலையில் கிளம்பிவிடுவார். இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை. சிறப்பு மருத்துவம் தேனிக்கும் திருவாரூருக்கும் வருவதற்கு இதுதான் வழி. என் கவலை திங்கட்கிழமையைப் பற்றியது. தையல் பிரிந்தால், கன்னம் வீங்கினால், கீழ் உதடு மரத்தே கிடந்தால் யாரைக் கூப்பிடுவது? உள்ளூர் டாக்டர் இம்பிளான்ட்டைப் புரிந்தவராக, பொறுப்பை ஏற்பவராக இருந்தால் இரு கைகள் சேர்ந்து செய்யும் நல்ல வேலையாகிறது. ‘அது அவர் வைத்தது, அவரைத்தான் கேட்கணும்’ என்று சொல்பவராக இருந்தால் நோயாளி அநாதை. அறுவைக்கு முன்பே, வைக்கப்போகும் டாக்டரை நேரில் பார்த்துப் பேச வாய்ப்பு கேளுங்கள். அன்று காலைதான் அவர் முகத்தை முதன்முதலாகப் பார்ப்போம் என்றால் சம்மதிக்காதீர்கள்.

உதடு மரத்துப்போவது சின்ன விஷயமாகத் தோன்றலாம். கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. துளை கொஞ்சம் ஆழமாகப் போய் அது நசுங்கினால் கீழ் உதடும் மோவாயும் மாதக்கணக்கில், சிலருக்கு நிரந்தரமாக, உணர்வற்றுப் போகும். காபி உதட்டில் வழிவது தெரியாது. மேல்தாடையில் கடைவாய்ப் பகுதிக்கு மேலே சைனஸ் அறை இருக்கிறது, துளை அதற்குள் போய்விடக் கூடாது. சாதாரண எக்ஸ்ரே எலும்பின் உயரத்தைக் காட்டும், அகலத்தைக் காட்டாது. அதனால்தான் சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் தேவைப்படுகிறது. மாவட்டத் தலைநகரங்களில் இப்போது அது எடுக்க முடிகிறது. அந்த ஸ்கேனைத் திரையில் காட்டி, இங்கே நரம்பு, இங்கே எலும்பு, இவ்வளவு இடம் இருக்கிறது என்று விளக்குபவரிடம் நம்பிப் போகலாம்.

அருகில் இருப்பவரின் அருமை வைத்த பிறகுதான் தெரியும். இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு உண்டு. அழுத்தம் கூடினால் அது உணர்ந்து எச்சரிக்கும். இம்பிளான்ட்டுக்கு அது கிடையாது; நேராக எலும்போடு ஒட்டியிருக்கிறது. இம்பிளான்ட் பல்லுக்குள் நரம்பும் இல்லை. எனவே கோளாறு தொடங்கினாலும் வலிக்காது. சுற்றிலும் ஈறு வீங்கி, துலக்கும்போது ரத்தம் கசிந்து, உள்ளே எலும்பு கரைந்துகொண்டே போகும். பெரி-இம்பிளான்டைட்டிஸ் என்று இதற்குப் பெயர். ஆட்டம் கண்ட பிறகு வந்தால் பெரும்பாலும் கழற்றுவதைத் தவிர வழியில்லை. இதைத் தொடக்கத்திலேயே பிடிக்க ஒரே வழி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்துகொண்டு, அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்து பழைய எக்ஸ்ரேயோடு ஒப்பிடுவது. சுவரில் அடித்த ஆணியைப்போல வைத்துவிட்டு மறக்கக்கூடியது இல்லை இது.

முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நட்சத்திர மருத்துவமனைக்கு, வலியே இல்லாதபோது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை யார் போவார்கள்? பேருந்துச் செலவு, ஒரு நாள் சம்பளம், துணைக்கு ஒருவர். போகமாட்டோம். இரண்டு தெரு தள்ளி இருந்தால், காய்கறி வாங்கப் போகும் வழியில் எட்டிப் பார்ப்போம். உள்ளூர் டாக்டருக்கு இன்னொரு பலமும் உண்டு. அவருக்கு நம் வாய் பழக்கம். எந்தப் பல்லை ஏன் எடுத்தோம், நம் சர்க்கரை எப்படி ஏறி இறங்குகிறது, பாக்கு போடுவதை விட்டுவிட்டதாகச் சொல்வது உண்மையா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஊருக்குள் பெயர் கெட்டால் பிழைப்பு போய்விடும் என்ற அச்சமும் இருக்கிறது. அது நோயாளிக்கு நல்லது.

சிங்கப்பூரிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வந்து, சென்னையில் குறைந்த செலவில் இம்பிளான்ட் வைத்துக்கொண்டு போகும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே செலவு பல மடங்கு என்பது உண்மைதான். இங்குள்ள சிறந்த டாக்டர்களின் கைத்திறன் எந்த நாட்டுக்கும் குறைந்ததில்லை. ஆனால் மூன்று வார விடுமுறைக்குள் எலும்பு ஆறாது. கேப் போட மறுபடி வர வேண்டும். ஸ்க்ரூ தளர்ந்தால், அங்குள்ள டாக்டர் தான் வைக்காத, தனக்குத் தெரியாத கம்பெனியின் பொருளைத் தொடத் தயங்குவார். வருவதற்கு முன்பே, அங்குள்ள தங்கள் பல் டாக்டரிடம் பேசி, பின்னால் பார்த்துக்கொள்வாரா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வேண்டாம் என்று சொல்லும் டாக்டர்

இம்பிளான்ட் உங்களுக்கு வேண்டாம், அல்லது இப்போது வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த டாக்டரை நான் பெரிதும் மதிக்கிறேன். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குப் புண் ஆறுவது தாமதமாகும், தொற்றுக்கும் இடம் கொடுக்கும். மூன்று மாத சராசரி காட்டும் எச்பிஏ1சி சோதனையைக் கேட்காமல் அறுவைக்குத் தேதி கொடுப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சிகரெட்டும் வாயில் அடக்கும் புகையிலையும் இம்பிளான்ட் தோற்கும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஈறு நோயால் பல் விழுந்தவருக்கு, மீதமுள்ள ஈறுகளைக் குணப்படுத்தாமல் இம்பிளான்ட் வைத்தால், பல்லைக் கொண்டுபோன அதே நோய் இம்பிளான்ட்டையும் கொண்டுபோகும்.

எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை சாப்பிடும் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாரம் ஒருமுறை விழுங்கும் அலென்ட்ரோனேட் போன்ற மாத்திரைகளும், ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் சோலெட்ரானிக் அமில ஊசியும் எலும்பு தன்னைப் புதுப்பிக்கும் வேகத்தைக் குறைக்கின்றன. இவற்றைப் பயன்படுத்துவோரில் சிலருக்கு, குறிப்பாகப் புற்றுநோய்க்காக அதிக அளவில் எடுப்பவர்களுக்கு, பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து இருப்பது 2003-ல் மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. நம் வீட்டு அம்மாக்கள் இதைப் பல் டாக்டரிடம் சொல்வதில்லை. முதுகுவலிக்குச் சாப்பிடும் மாத்திரைக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, தலை கழுத்துப் பகுதியில் முன்பு எடுத்த கதிர்வீச்சு, எல்லாவற்றையும் சொல்லுங்கள். மருந்துச் சீட்டுகளை அப்படியே எடுத்துப் போங்கள்.

பல் போன எல்லா இடத்துக்கும் இம்பிளான்ட் தேவையும் இல்லை. இரு பக்கப் பற்களுக்கும் ஏற்கெனவே கேப் போட வேண்டிய நிலை இருந்தால், அவற்றையே தாங்கலாகக் கொண்டு கட்டும் பிரிட்ஜ் போதும். ஆரோக்கியமான இரண்டு பற்களைத் தேய்த்துத்தான் பிரிட்ஜ் கட்ட வேண்டும் என்றால் இம்பிளான்ட் மேல். கடைசிக் கடைவாய்ப்பல் ஒன்று மட்டும் இல்லாதவர், எதிர்ப் பல் இறங்கிவிடாமல் டாக்டர் கவனித்துவந்தால், சும்மா விட்டுவிடலாம். இன்னொரு பக்கம், தள்ளிப்போடுவதற்கும் விலை உண்டு. பல்லைப் பிடுங்கிய முதல் ஆண்டிலேயே அந்த இடத்து எலும்பின் அகலம் பாதிவரைகூடச் சுருங்கிவிடும். அதில் பெரும்பகுதி முதல் சில மாதங்களில் நடந்துவிடுகிறது. பிறகு எலும்புத் தூள் வைத்து வளர்க்க வேண்டி வரும், செலவும் கூடும். பிடுங்கும் அன்றே அடுத்து என்ன என்று கேட்டுவிடுவது நல்லது.

பற்கள் முழுவதும் போன முதியவர்களுக்கு விளம்பரங்கள் சொல்வது வாய் முழுக்க நிலையான பல், லட்சக்கணக்கில் செலவு. அதிகம் பேசப்படாத எளிய வழி ஒன்று இருக்கிறது. கீழ்த்தாடையில் இரண்டே இரண்டு இம்பிளான்ட் வைத்து, கழற்றி மாட்டும் பல்செட்டை அதன்மேல் பட்டனைப்போல அழுத்திப் பொருத்துவது. கீழ்ப் பல்செட் சோறு மெல்லும்போது ஆடி எழும்புவதுதான் முதியவர்களின் பெரிய வேதனை. இந்த இரண்டு இம்பிளான்ட் அதைத் தீர்த்துவிடுகிறது. 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு முதல் தேர்வாக இதையே முன்வைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். நம் ஊரில் எத்தனை தாத்தா பாட்டிகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே சொல்லப்படுகிறது? பல்செட்டை டப்பாவில் போட்டுவைத்துவிட்டு, ரசம் சாதத்தைக் கரைத்துக் குடித்தே கடைசி வருடங்களைக் கழிக்கிறார்கள். இது எனக்கு மிகுந்த ஆற்றாமை தருகிறது.

இனி பணம். ஒரு பல்லுக்கு ஊரையும் கம்பெனியையும் பொறுத்து 20,000 ரூபாயிலிருந்து 60,000 ரூபாய்க்கு மேலும் கேட்கிறார்கள். ஸ்வீடன், ஸ்விட்சர்லாந்து, கொரியா, இஸ்ரேல் என்று பல நாட்டுப் பொருட்கள் இங்கே கிடைக்கின்றன. விலை உயர்ந்ததுதான் நல்லது என்று சொல்ல மாட்டேன். பத்தாண்டுக்குப் பிறகும் உதிரிபாகம் கிடைக்கும் கம்பெனியா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கேட்கும் தொகையில் ஸ்கேன், அபட்மென்ட், கேப், எலும்புத் தூள் எல்லாம் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். ‘15,000 ரூபாய்க்கு இம்பிளான்ட்’ என்ற விளம்பரத்தில் பல சமயம் வெறும் ஸ்க்ரூவின் விலை மட்டுமே இருக்கும். ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்பதும் பெரும்பாலும் ஸ்க்ரூவுக்குப் பதில் வேறு ஸ்க்ரூ தரும் கம்பெனியின் வாக்குறுதி மட்டும்தான். மறுபடி செய்யும் அறுவைக்கும் கேப்புக்கும் யார் பணம் தருவது என்று அதில் இருக்காது. நன்றாகச் செய்தால் பத்தாண்டு கடந்தும் பத்தில் ஒன்பதுக்கு மேல் நிற்கின்றன. அது பெரிய வெற்றி. ஆனால் நூற்றுக்கு நூறு என்று சொல்பவர் உண்மை பேசவில்லை.

ஒவ்வொரு ஸ்க்ரூ குப்பியிலும் கம்பெனி பெயர், தடிமன், நீளம், தயாரிப்புத் தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கிழித்து உங்கள் அட்டையில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். நாளை அந்த டாக்டர் ஓய்வு பெற்றாலும், நீங்கள் ஊர் மாறினாலும், அடுத்தவர் சரியான திருப்புளியை எடுக்க அந்த ஸ்டிக்கர் ஒன்றே வழிகாட்டி. ரசீது கட்டாயம் வேண்டும். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துவிட்டது. வெள்ளைத் தாளில் எழுதிய கணக்கோடு நுகர்வோர் ஆணையத்தின் படியேறுவது கடினம்.

அரசின் பொறுப்பும் இருக்கிறது. 2017-ல் இதய ஸ்டென்டுக்கும் முழங்கால் மூட்டுக்கும் மத்திய அரசு உச்ச விலை நிர்ணயித்தது. பல் இம்பிளான்ட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை, விபத்தில் போன பல் தவிர வேறெதற்கும் பணம் தருவதில்லை. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே 1953 முதல் இயங்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரத்திலும், 2023 முதல் புதுக்கோட்டையிலும் அரசு கல்லூரிகள் இருக்கின்றன. உள்ளூர் டாக்டரால் முடியாத சிக்கலான தாடைகளுக்கு இவை போன்ற இடங்களே சரி. நல்ல உள்ளூர் டாக்டர் தானே கடிதம் எழுதி அனுப்பிவைப்பார். ஆனால் தென்காசியிலும் தருமபுரியிலும் இருக்கும் முதியவர் எதற்காக அத்தனை தூரம் போக வேண்டும்? மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவுகள் இருக்கின்றன, டாக்டர்களும் இருக்கிறார்கள். பல் இல்லாத ஏழை முதியவர்களுக்குக் கீழ்த்தாடையில் இரண்டு இம்பிளான்ட்டும் பல்செட்டும் முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்கப்பட வேண்டும். வாணியம்பாடிக்குப் பிறகாவது, ஒவ்வொரு பல் கிளினிக்கின் கிருமிநீக்க நடைமுறையையும் சுகாதாரத் துறை முன்னறிவிப்பின்றிச் சோதித்து, முடிவுகளை வாசலில் ஒட்டச் செய்ய வேண்டும்.

அதுவரை வாசகர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். முன்பணம் கொடுப்பதற்கு முன், அந்த டாக்டர் இதே ஊரில் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார் என்று விசாரியுங்கள். அவரிடம் மூன்று நான்கு வருடங்களுக்கு முன் இம்பிளான்ட் வைத்துக்கொண்ட ஒருவரையாவது சந்தியுங்கள். வைத்த அன்று எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்க வேண்டாம். கடைசியாக எப்போது டாக்டர் கூப்பிட்டுப் பார்த்தார் என்று கேளுங்கள்.